பாரிசுக்குச் செல்லும் வழி

பாரிசு தேசிய நூலகத்திலுள்ள தமிழ் ஏட்டுச் சுவடிகளைக் காணல் வேண்டும் என்பது என் நெடுநாள் வேட்கை. புதுச்சேரியில் வாழ்ந்த ஏரியல் என்னும் பிரெஞ்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டில் திரட்டியவை பல அங்குள. என் மகனோ, மார்கழித் திங்களில் பத்து நாளில் ஐந்து நாடுகள் என வகுத்தான். ஷெங்கன் உடன்பாட்டிலுள்ள 29 நாடுகளுக்கும் ஒரே விசா போதுமன்றோ! விசா போதும், பகல் போதுமா? புவியின் அச்சுச் சாய்வால் அத்திங்களில் வடபுலத்துப் பகல் சுருங்கும். எம்மூர்ப் படப்பையில் அப்போதும் பகல் 11 மணி நேரத்திற்கு மேலுண்டு. பாரிசிலோ 8 மணி நேரத்தைச் சற்றே கடக்கும். நாடோறும் ஊர் மாறின், அதனையும் தொடர்வண்டி விழுங்கும்; நூலகத்தில் அமர நேரமேது? மூன்று நாடுகளை நீக்கினோம். மிகுதியாகத் தங்கும் நாட்டினிடமே விசா வேண்டுதல் முறையாதலின், பிரான்சுக்கு ஆறு நாள் ஒதுக்கி, அந்நாட்டிற்கே விண்ணப்பித்தோம். எஞ்சியவை இத்தாலிக்கு. இடையே துபாயில் ஓரிரவு தங்கல் என் மனைவியின் ஏற்பாடு. என் முதுகுநோவை அறிந்தவள் அவள்.