இருபது புளொக் ஒரு மைல்

தூரத்தைச் சொல்லும் வழக்கம் ஊருக்கு ஊர் வேறுபடும். எங்கள் பகுதியில் முதியவர்கள் இன்றும் 'இரண்டு கட்டை', 'மூன்று கட்டை' என்றே வழி சொல்வார்கள். வீதியோரத்து மைற்கல்லைக் குறித்த சொல் அது. நியூயோர்க் நகரின் மன்ஹற்றன் தீவிலோ கட்டையும் இல்லை, மைலும் இல்லை. "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "எட்டு புளொக்" என்பார்கள். ஒரு குறுக்குத் தெருவுக்கும் அடுத்த குறுக்குத் தெருவுக்கும் இடைப்பட்ட கட்டடத் தொகுதியே புளொக்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தமக்கையின் மகனோடு சில மாதங்கள் தங்கியிருப்பதற்காக அந்நகருக்குச் சென்றிருந்தேன். முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆதலால் இந்த அளவுமுறை என்னை உடனே கவர்ந்தது. வடக்குத் தெற்காக நடந்தால் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் ஏறத்தாழ 264 அடி. இருபது புளொக் நடந்தால் ஒரு மைல். மணிக்கு மூன்று மைல் வேகத்தில் நடப்பவனுக்கு ஒரு புளொக் ஒரு நிமிடம். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரில்லை, எண்ணே பெயர். 14ஆம் தெருவிலிருந்து 34ஆம் தெருவுக்குப் போக வேண்டுமென்றால், கழித்தற் கணக்குத் தெரிந்த சிறுவனும் தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுவான். இதைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இந்த ஒழுங்கு தானாக விளைந்ததன்று. 1807ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்ட மூன்று ஆணையாளர்கள், 1811இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். தீவின் பெரும்பகுதி அப்பொழுது தோட்டமும் குன்றும் ஓடையுமாகக் கிடந்தது. அதன்மீது வடக்குத் தெற்காகப் பன்னிரண்டு அவெனியூக்களையும், அவற்றுக்குக் குறுக்கே 155 தெருக்களையும் கோடு கிழித்து அமைத்தார்கள். நேரான சுவரும் செங்கோண மூலையும் கொண்ட வீடுகளே கட்டுவதற்கு மலிவானவை, குடியிருப்பதற்கும் வசதியானவை என்பது அவர்கள் கூறிய நியாயம். 25 அடி அகலமும் 100 அடி நீளமுமான காணித்துண்டுகள் முதுகோடு முதுகாக அடங்குவதற்கு ஏற்றபடி புளொக்கின் ஒரு பக்கம் 200 அடியாயிற்று. நிலத்தைத் துண்டு போட்டு விற்பதற்கு இதைவிட வாய்ப்பான ஏற்பாடு வேறு ஏது? இந்தச் சதுரங்கப் பலகைக்கு அடங்காமல் சாய்ந்து செல்லும் பெருவீதி புரோட்வே. வெள்ளையர் வருமுன்னர் அம்மண்ணில் வாழ்ந்த லெனாப்பே மக்களின் நடைபாதையை அது ஓரளவு தழுவிச் செல்கிறது. நடந்தவர்கள் போட்ட பாதை அது. மற்றவை அளந்தவர்கள் போட்டவை.

என் கணக்கு பிழைத்த கதையை இனிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் கயானா நாட்டைச் சேர்ந்த ஓர் அம்மையார் குடியிருந்தார். அறுபது வயதைக் கடந்தவர். மன்ஹற்றனிலுள்ள காரியாலயங்களை இரவு வேளைகளில் துப்புரவு செய்வது அவர் தொழில். அவரை வேலைக்கு அமர்த்திய ஒப்பந்தக்காரர் மூன்று வாரக் கூலியைக் கொடாமல் இழுத்தடித்தார். முறைப்பாடு செய்வதற்கு ஓர் அலுவலகம் உண்டென்று யாரோ சொல்லியிருந்தார்கள். பத்திரங்களை நிரப்புவதற்குத் துணையாக என்னை அழைத்தார். மறுக்க மனம் வரவில்லை. இரவு முழுவதும் உழைத்துவிட்டு, பகலில் இரண்டு மணி நேரம் மட்டுமே உறங்கி அவர் புறப்பட்டு வந்தார்.

சுரங்க ரயில் தாமதித்தது. 34ஆம் தெருவில், ஆறாவது அவெனியூவருகே நாங்கள் மேலே ஏறி வந்தபோது மணி நாலே முக்கால். அலுவலகம் பத்தாவது அவெனியூவை அண்டி இருந்தது. ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். "பஸ்ஸிலே போவோம்" என்றார் அம்மையார். கண்ணுக்கெட்டிய தூரத்தில் பஸ் எதையும் காணவில்லை. "நான்கு புளொக்தானே, அம்மா! நான்கு நிமிட நடை. பஸ்ஸுக்குக் காத்திருப்பதைவிட நடப்பது விரைவு" என்றேன் நான். கணக்கு வாத்தியாரின் சொல்லை நம்பி அவர் நடந்தார்.

கிழக்கு மேற்காகச் செல்லும் புளொக் வேறு, வடக்குத் தெற்காகச் செல்லும் புளொக் வேறு என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆறாவது அவெனியூவுக்கு மேற்கே ஓர் அவெனியூவிலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 900 அடி. சிறிய புளொக்கைப்போல மூன்று மடங்குக்கும் மேல். நான்கு நிமிடம் என்று நான் சொன்ன வழி, நல்ல காலுடையவனுக்கே பதினான்கு நிமிடம். ஏழாவது அவெனியூவை அடையுமுன்னரே அம்மையார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வீங்கிய கால்கள் சப்பாத்துக்குள் நெருங்கிக் கிடந்தன. எட்டாவது அவெனியூவில் மீண்டும் நின்றார். நாங்கள் கைவிட்ட பஸ் எங்களைக் கடந்து சென்றது. வாயிலை அடைந்தபொழுது மணி ஐந்தேகால். கதவு பூட்டியிருந்தது.

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவரோ என்னைக் கடிந்துகொள்ளவில்லை. படியொன்றில் அமர்ந்து சப்பாத்தைத் தளர்த்தியபடி சொன்னார்: "ஆசிரியரே, நான் புளொக் எண்ணுவதில்லை. எங்கே உட்காரலாம் என்பதைத்தான் எண்ணுவேன். நான் வேலை செய்யும் இடத்துக்கு ரயிலிலிருந்து இரண்டு இருக்கைகள். ஒன்று தேவாலயப் படி, மற்றது பஸ் தரிப்பிடம். இந்தத் தெருவில் எனக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் பஸ் என்றேன்."

அவர் பஸ் என்று சொன்னபோது காரணம் என்னவென்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விடையை முன்னரே அறிந்தவன் கேள்வி கேட்பானா?

பின்னொரு நாள் சென்றல் பார்க்கின் மேற்குப் பக்கத்தில், 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட பகுதியில் நடந்தேன். ஏழு புளொக், ஏழு நிமிடம். அவ்விடத்தில் 1825 முதல் செனெக்கா கிராமம் என்றோர் ஊர் இருந்தது. கறுப்பின மக்கள் விலை கொடுத்து நிலம் வாங்கிக் குடியேறிய ஊர். பின்னர் ஐரிஷ் மக்களும் அவர்களோடு வந்து வாழ்ந்தார்கள். 250 டொலர் பெறுமதியான சொத்து இருந்தாலன்றிக் கறுப்பினத்தவனுக்கு வாக்குரிமை இல்லை என்று அந்த மாநிலம் விதித்திருந்த காலம் அது. அந்த மக்களுக்கு நிலம் என்பது வீடு மட்டுமன்று, குடியுரிமையும் ஆகும். பூங்கா அமைப்பதற்காக 1857இல் அவ்வூர் அகற்றப்பட்டது. இன்று அங்கே புல்வெளி அழகாகத்தான் இருக்கிறது. கோடுகளை எண்ணுகிறவனுக்கு அது ஏழு புளொக். அங்கிருந்து எழுப்பப்பட்டவர்களுக்கு எவ்வளவு என்று எந்த வரைபடம் சொல்லும்?

மறுநாள் பஸ்ஸில் சென்று முறைப்பாட்டைக் கொடுத்தோம். நான் ஊர் திரும்பி நெடுநாள் கழித்து, அவருக்குக் கூலியில் ஒரு பகுதி கிடைத்ததாக மருமகன் எழுதினான்.

"ஒரு மனிதன் மணிக்கு மூன்று மைல் வேகத்தில் நடந்தால்..." என்று தொடங்கும் கணக்குகளை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்த 'ஒரு மனிதன்' யார், அவன் இரவு உறங்கினானா, அவன் கால்களில் வீக்கம் உண்டா என்று எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பாடத்தைக் குழப்பாதே என்று அதட்டி அமர்த்தியிருப்பேன். இன்று வகுப்பறையில் நிற்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கணக்கைச் சரியாகவே கற்பியுங்கள். இருபது புளொக் ஒரு மைல் என்பது பொய்யன்று. ஆனால் அப்படியொரு கேள்வியை எவனாவது எழுப்பினால் அவனை உட்காரச் சொல்லாதீர்கள்.