விக்டரி என்று எழுதிய கால்

ஆர்க்டிக் பயணக் கதைகளை நான் வாசிக்கத் தொடங்கியது சாகசத்துக்காகத்தான். பனி, பசி, சாவு, கடைசியில் ஒரு கொடி. நாலைந்து புத்தகம் போனால் அந்தக் கொடி அலுத்துவிடும். ஜான் ராஸின் இரண்டாம் பயணத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு மரக்கால்.

1829இல் 'விக்டரி' என்ற சிறிய நீராவிக் கப்பலில் வடமேற்குப் பாதையைத் தேடிக் கிளம்பினார் ராஸ். பணம் கொடுத்தவர் ஃபெலிக்ஸ் பூத் என்ற ஜின் வியாபாரி. (கனடாவின் வரைபடத்தில் 'பூத்தியா' என்று ஒரு சாராயக்காரரின் பெயர் இன்றும் இருப்பது அதனால்தான்.) எந்திரம் சதா மக்கர் பண்ண, முதல் குளிர்காலத்திலேயே கழற்றிக் கரையில் போட்டுவிட்டார்கள். கப்பல் பனியில் இறுகி நின்றது.

1830 ஜனவரியில் இன்யூட் மக்கள் வந்தார்கள். அவர்களில் துல்லாஹியு என்பவருக்கு ஒரு கால் இல்லை, கரடி கொண்டுபோய்விட்டது. கப்பல் தச்சர் அளவெடுத்து மரக்கால் செய்து கொடுத்தார். அதில் 'விக்டரி' என்று பொறித்தும் வைத்தார்கள். தானம் கொடுத்த டியூப்லைட்டில் பெயர் எழுதுகிற புத்தி எல்லா ஊரிலும் உண்டு போல! ஆனாலும் மனுஷன் எழுந்து நடந்தார்.

பதிலுக்கு வந்தது கொஞ்சமில்லை. சீல் இறைச்சி, மீன், தோலுடுப்பு, நாய்வண்டி. இக்மாலிக் என்பவர் கப்பல் அறையில் உட்கார்ந்து கரையோரத்தைப் படமாகவே வரைந்து, தெற்கே கடல் முட்டி நிற்கிறது, வழி கிடையாது என்று காட்டினார். நாலு குளிர்காலம் பனியில் கிடந்தும் அந்தக் குழுவில் இறந்தவர்கள் மூன்றே பேர். எண்ணெயும் கொழுப்பு இறைச்சியும்தான் இங்கே உயிர் காக்கிறது என்று ராஸே எழுதினார். அவருக்குப் பின் வந்த கடற்படைக்காரர்கள் அதை அதிகம் காதில் வாங்கவில்லை என்பது என் வருத்தம்.

புகழ் போய்ச் சேர்ந்தது வேறொரு விஷயத்துக்கு. 1831 ஜூன் 1 அன்று ராஸின் அண்ணன் மகன் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் வட காந்த முனையை எட்டினார். சாய்வு ஊசி 89 பாகை 59 நிமிடம் காட்டியது. செங்குத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. கிடையாகத் தொங்கவிட்ட ஊசிகள் எந்தத் திசையும் சொல்லாமல் சும்மா நின்றன. இதை நண்பரிடம் சொன்னபோது, "இவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு ஊசி நட்டுக்க நின்னுது, அவ்ளோதானே?" என்றார். அவ்வளவுதான். ஆனால் உலகத்துத் திசைகாட்டிகள் எல்லாம் எதை நோக்கித் திரும்புகின்றனவோ, அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்கிறான் என்பது எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. சிலிர்ப்போடு இன்னொன்றும்: அன்று அவர்கள் தங்கியது இன்யூட் மக்கள் விட்டுப்போன பனிக்குடிசைகளில். யாரும் மிதிக்காத இடம் இல்லை அது.

கற்களைக் குவித்து, கொடி நட்டு, பிரிட்டனுக்கு உரிமை கொண்டாடினார் ஜேம்ஸ். காந்த முனை அதற்கெல்லாம் கட்டுப்படவில்லை. 1903இல் அமுண்ட்சென் அருகிலிருந்த கிங் வில்லியம் தீவுக்கு வந்து அளந்தபோது அது நகர்ந்துவிட்டிருந்தது. இப்போது சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

அமுண்ட்சென் அங்கே இரண்டு குளிர்காலம் இருந்தார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் நெட்சிலிக் இன்யூட், துல்லாஹியுவின் இனத்தார். அவர் கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டு, அவர்கள் தைத்த கரிபு மான்தோல் உடுப்பை மாட்டிக்கொண்டார்.