பெட்டிக்குள் ஒரு வீதி

எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று பல வருஷங்களாகத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் மனைவி இருந்தவரையில் அது அவளுடைய சாமான். நான் காகிதத்தில் கிறுக்கித் தள்ளுவதை அவள்தான் அதில் அடித்துத் தருவாள். அவள் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. சென்ற ஐப்பசியில் ஒரு நாள் என்னவோ தோன்றி, துணியை நீக்கிப் பொத்தானை அமுக்கினேன். கொஞ்சம் முனகிற்று, அவ்வளவுதான்.

பாதியில் நின்றுபோன என் நாவல் ஒன்றின் பதினோரு அத்தியாயங்கள் அதற்குள் இருந்தன. கையெழுத்துப் பிரதியைக் கறையான் எப்போதோ படித்து முடித்துவிட்டது.

என் தங்கை மகள் சென்னைக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறாள். புதுக்கோட்டையில் தன் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கிறாள். அவளைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வந்து, “எழுதினதெல்லாம் பத்திரமா இருக்கு மாமா, ஆனா படிக்கத்தான் முடியலை” என்றாள்.

பார்த்தேன். தமிழா, கிரேக்கமா என்று தெரியாத கோலம். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துக்கு ஆளுக்கொரு முறை. 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டிச் சில முறைகளை ஒழுங்கு செய்தார்கள். 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. என் மனைவி பழகியதோ இதற்கெல்லாம் முந்திய ஒரு மென்பொருள். அது விண்டோஸ் 98-ல் மட்டுமே வாய் திறக்குமாம்.

“அப்படியானால் கதை முடிந்தது” என்றேன்.

“இல்லை மாமா. அந்தக் கம்ப்யூட்டரையே என் கம்ப்யூட்டருக்குள்ளே எழுப்பிடலாம்.”

ஒரு யந்திரத்துக்குள் இன்னொரு யந்திரம் இருப்பதாகப் பாவிக்க வைப்பது புதிய வித்தையல்ல, ஐ.பி.எம். கம்பெனியார் 1960-களிலேயே செய்து பார்த்து, 1972-ல் விற்பனைக்கும் கொண்டுவந்த சங்கதி. கூடு விட்டுக் கூடு பாய்வதைக் கதைகளில் படித்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட அதிகமில்லை. சாயந்திரமே அவளுடைய திரையில் ஒரு சதுரத்துக்குள் அந்தப் பழைய நீல முகம் தெரிந்தது. மென்பொருளும் திறந்தது. என் அத்தியாயங்களைத் தமிழில் பார்த்தேன். எனக்குப் பேச்சு வரவில்லை.

பேச்சு வராதது எனக்கு மட்டுமல்ல, அந்த யந்திரத்துக்கும்தான். உயிர் வந்துவிட்டது, ஆனால் வெளியே ஒரு வார்த்தை அனுப்ப வழியில்லை. கதவும் ஜன்னலும் இல்லாத அறையில் விழித்துக்கொண்ட மனிதன் மாதிரி இருந்தது அது.

“ஒரு சுவிட்சு போடணும்” என்றாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் பெட்டிக்கு அந்தப் பெயராம். எந்த வாயிலில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, வரும் கடிதத்தை அந்த வாயிலில் மட்டும் கொடுக்கும் தபால்காரர் போல. அந்தப் பெட்டியையும் இப்போது பாவனையாகவே செய்கிறார்கள். தகரமில்லை, கம்பியில்லை. 2009-ல் ஓபன் விசுவிட்ச் என்று ஒன்றை இலவசமாகவே வெளியிட்டார்கள். அதே வருஷம் விஎம்வேர் கம்பெனியார், பல கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவாக ஒரே சுவிட்சு விரிந்திருக்கும்படி செய்தார்கள். அவளுடைய உத்தியோகமே அதுதானாம். முதலில் வீட்டுக்காரனைச் சேர்க்க வேண்டும். அதாவது நிஜக் கம்ப்யூட்டரை. அதன் நிஜக் கம்பியைச் சுவிட்சின் வெளிவாசலாக வைக்க வேண்டும். பிறகு உள்ளே குடியிருக்கும் பாவனை யந்திரங்களை ஒவ்வொன்றாக வாயிலில் பூட்ட வேண்டும். வரிசை தப்பி, கட்டளை வருகிற கம்பியையே முதலில் பிடுங்கிவிட்டால், உட்கார்ந்த கிளையை வெட்டின கதைதான்.

“உங்களுதுக்கு வெளிவாசலே வேண்டாம்” என்றாள். பழைய யந்திரத்துக்குக் காவல் கிடையாது. இன்றைய இன்டர்நெட்டில் இறக்கினால் நோய் பிடித்துவிடும். ஆகவே திண்ணையோடு நிறுத்தும் சுவிட்சு ஒன்று போட்டாள். வீட்டுக்காரனும் குடித்தனக்காரர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். தெருவுக்குப் போக முடியாது.

நடுவில் ஒரு துபாஷியும் தேவைப்பட்டது. 98-இன் பாஷை இன்றைய யந்திரத்துக்குப் புரியாது. புரிந்தாலும் பாதுகாப்புக்காகக் காதைப் பொத்திக்கொள்ளும். இரண்டும் தெரிந்த லினக்ஸ் யந்திரம் ஒன்றையும் உள்ளே எழுப்பி, அதே சுவிட்சில் பூட்டினாள்.

அப்படியும் பதில் இல்லை. முதலில் கொடுத்த வலை அட்டை பாவனையிலும் மிகப் புதிதாக இருந்ததால் கிழவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் வயதுக்கு ஏற்ற அட்டையாக மாற்றினாள். மறுபடியும் மௌனம். இரவு பத்து மணிக்கு மேல் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “விலாசம் தப்பு மாமா! மூணு பேரும் ஒரே வீதியிலே இருக்கணும். இவரை மட்டும் வேற வீதியிலே வெச்சுட்டேன்.”

எனக்கு அது சட்டென்று விளங்கிற்று. எங்கள் ஊரில் மேல இரண்டாம் வீதி, வடக்கு நான்காம் வீதி என்று திசையும் எண்ணுமாகத்தானே விலாசம்? வீட்டு எண் சரியாக இருந்து என்ன செய்ய, வீதி எண் மாறினால் கடிதம் வந்து சேராது.

எண்ணைத் திருத்தினாள். கிழவர் துபாஷியிடம் பேசினார். துபாஷி வீட்டுக்காரனிடம் கொடுத்தது. எழுத்தை மாற்ற அவளே ஒரு சிறு அட்டவணை எழுதி வைத்திருந்தாள். பதினோரு அத்தியாயங்களும் என் கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு.

காகிதத்தில் எடுத்து மறுநாள் படிக்க உட்கார்ந்தேன். என் நாவல் நான் நினைத்திருந்த அளவுக்கு நன்றாக இல்லை. ஆனால் நடுநடுவே அடைப்புக்குறிக்குள், நான் எழுதாத வரிகள் சில இருந்தன. எனக்குக் கொடுத்த பிரதிகளில் அவை இருந்ததில்லை. அச்செடுக்கும்போது நீக்கியிருப்பாள் போலிருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் இப்படி இருந்தது: “இங்கே மழை வேண்டாம். மூன்று அத்தியாயமாகப் பெய்கிறது. சொன்னால் கோபம் வரும்.”

மழையை எடுத்துவிட்டேன். எட்டாம் அத்தியாயத்தில் என்ன சொல்லியிருக்கிறாள் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.