அம்மாவுக்கு எந்த நோடு?

எனக்குச் சோறு போடுவது லினக்ஸ். சென்னையில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலை. "பெரிய கம்ப்யூட்டர்னா தானா வேகமா ஓடும், அதுல நீ பார்க்க என்ன இருக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பெரிய கம்ப்யூட்டர் ஒரு கூட்டுக் குடும்பம் என்பதுதான் என் பதில்.

பெரிய சர்வர்களில் இரண்டு, நான்கு பிராசஸர்கள்கூட இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே தனி மெமரி. இந்த ஜோடிக்கு 'நோடு' என்று பெயர். ஒரு நோடில் இருக்கும் பிராசஸர் அடுத்த நோடின் மெமரியையும் தொடலாம், தடையில்லை. ஆனால், போய் வர நேரம் கூடுதலாகும். லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தால் இந்தத் தூரத்தை ஒப்பீட்டு எண்ணாகவே காட்டிவிடும். சொந்த மெமரிக்கு 10. அடுத்த நோடுக்கு, நான் பார்க்கும் சர்வர்களில் 21.

ஒரு புரோகிராம் இடம் கேட்டதும் கெர்னல் தூக்கிக் கொடுத்துவிடாது. அந்த இடத்தில் முதன்முதலாக எழுதும்போதுதான், எழுதும் பிராசஸருக்குப் பக்கத்திலேயே ஒதுக்கும். பெரும்பாலும் 4 கிலோபைட் துண்டுகளாக. பக்கத்தில் இடமில்லையென்றால், அடுத்து எது கிட்டமோ அந்த நோடில் கொடுக்கும். இல்லை என்று விரட்டாது.

சிக்கல் பிறகுதான். ஒதுக்கியது ஒரு நோடில், தினம் பயன்படுத்துவது இன்னொரு நோடில் என்று ஆகிவிடும். 2013 முதல் வந்த லினக்ஸ் பதிப்புகளில் கெர்னலே இதைக் கவனித்து, துண்டை வேண்டிய இடத்துக்கு மாற்றுகிறது. அதிலும் நிதானம் உண்டு. ஒரு தடவை தொட்டதற்காகப் பொதுவாக நகர்த்தாது. அதே நோடு மறுபடியும் தொடுகிறதா என்று பார்க்கும். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்கும் துண்டை இழுத்துக்கொண்டே இருந்தால், இழுப்பதிலேயே நேரம் போய்விடுமே! சில நேரம் மெமரியை அசைக்காமல், வேலையை அதன் பக்கம் அனுப்பிவிடும்.

அப்பா போன பிறகு, அம்மா ஒரு மாதம் என் வீடு, ஒரு மாதம் கோயம்புத்தூரில் தம்பி வீடு என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். எட்டு மாதம் ஓடியது. ஒருநாள் அம்மா சொன்னார்: "ஏட்டி, கண்ணாடி கோயம்புத்தூர்ல கெடக்கு, மாத்திரைச் சீட்டு இங்க கெடக்கு. நான் எங்க கெடக்கேன்னுதான் தெரியல."

அன்றிரவே தம்பியை அழைத்தேன். "அம்மாவ இனிமே இழுக்க வேண்டாம்டா. நாம நகருவோம்."

"எனக்குக் கடை இருக்கேக்கா..."

"ஞாயித்துக்கிழமை மட்டும் வா. என் வேலை லேப்டாப்லதான, எங்க உக்காந்தாலும் நடக்கும்."

அம்மா பாளையங்கோட்டை வீட்டுக்கே திரும்பிவிட்டார். மாதத்தில் இரண்டு வாரம் நான் அங்கே. ரயில் செலவு கூடிவிட்டது. பத்தாவது படிக்கும் மகளுக்கு அந்த இரண்டு வாரமும் அப்பா சமையல்தான். தம்பி எல்லா ஞாயிறும் வருவதில்லை. நாங்கள் இருவருமே இல்லாத நாட்களில் எதிர்வீட்டு மதினி வந்து எட்டிப் பார்க்கிறார். அதுதான் அடுத்த கிட்டத்து நோடு.

அம்மாவின் கண்ணாடி இப்போது ஜன்னல் திட்டில், கை எட்டும் தூரத்தில் இருக்கிறது.