எழுத்தாளர் வருகிறார்!

உங்கள் இல்லத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைச் சற்றே திருப்பிப் பாருங்கள். அது அச்சான ஊர் சிவகாசியாக இருக்கக்கூடும். தொழுகை நேரங்களையும் ஹிஜ்ரி தேதியையும் தாங்கி நம் வீடுகளுக்கு வரும் நாட்காட்டிகளில் பல அங்கிருந்தே வருகின்றன. அவ்வூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றிற்கு அண்மையில் சென்று வந்தேன். கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி சுமார் 25 கிலோமீட்டர். இருமருங்கும் கரிசல் மண்; சீமைக் கருவேலம். இடையிடையே சிறு சிறு அறைகள், ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும். புதியவர்கள் அவற்றைக் குடியிருப்பு என எண்ணக்கூடும். அவை பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் பற்றிய தீ மற்றோர் அறைக்குப் பரவாதிருக்கவே அந்த இடைவெளி.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்து, 1923இல் இங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பின்னர் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. 1972இல் 'முத்து காமிக்ஸ்' இவ்வூரிலிருந்தே வெளிவந்தது. தமிழ்நாட்டுச் சிறுவர்கள் படக்கதை படித்து மகிழ்ந்த அதே ஆண்டுகளில், அதே ஊரின் சிறுவர்கள் பலர் தீப்பெட்டிக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தனர் என்பதை மறக்கலாகாது. 1986இல் சட்டம் வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு ஆலை உரிமையாளர்களுக்கு ஆணையிட்டது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளே இன்று பள்ளியில் அமர்ந்திருக்கின்றனர்.

கல்லூரியில் என்னுடன் பயின்ற நண்பர் அத்தகைய பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர். "பாய், சிறுவர் கதை எழுதுபவர் ஒருவர் வர இசைந்திருக்கிறார். ஏற்பாட்டுக்கு நீங்களும் உடனிருக்க வேண்டும்" என்றார். சென்றேன். பந்தல், பதாகை, பொன்னாடை, வரவேற்புப் பாடல் என்று நீண்ட பட்டியல் தயாராக இருந்தது. வரவேற்புரையை ஒரு மாணவன் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். "வருபவர் எழுதிய கதை ஒன்றைச் சொல், தம்பி" என்றேன். அவன் விழித்தான். ஆசிரியர்களைப் பார்த்தேன். அவர்களும் படித்திருக்கவில்லை. நூலக அலமாரி பூட்டியிருந்தது.

அவர்களைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. மீலாது விழா மேடைகளில் நானும் பிள்ளைகளுக்கு உரை எழுதிக் கொடுத்து ஒப்புவிக்கச் செய்தவன்தான். பொருள் புரிந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னும் இரண்டு வாரம் இருந்தது. புத்தகத்துக்குப் பணம்? விருதுநகரில் காமராசர் சிறுவனாகப் பயின்ற சத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு திரட்டிய பிடி அரிசியால் நடந்த பள்ளி. நம் மதரஸாக்கள் பலவும் அவ்வாறு வளர்ந்தவையே. அதை நினைவூட்டினேன். ஆசிரியருக்கு ஒன்றாக ஏழு பிரதிகள் சேர்ந்தன. பிள்ளைகளோ அறுபது பேர். எனவே நாள்தோறும் கடைசி வகுப்பில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேட்டனர். ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைத் தம் கையால் எழுத வேண்டும். பெரியவர்கள் அதைத் திருத்தலாகாது என்று முடிவாயிற்று.

அந்த நாளும் வந்தது. வேப்பமர நிழலில் எழுத்தாளரைச் சூழ்ந்து பிள்ளைகள் அமர்ந்தனர். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, உங்கள் கதையில் எல்லா அம்மாவும் வீட்டிலேயே இருக்கிறார்களே. என் அம்மா பட்டாசு வேலைக்குப் போகிறார்களே?"

நண்பர் முகம் வெளிறியது. எழுத்தாளர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "எனக்குத் தெரியாதம்மா. நீ சொல், கேட்கிறேன்" என்றார்.

அவள் சொன்னாள். காகிதக் குழாய் உருட்டுவதை, திரி செருகுவதை, மாலையில் கைகழுவியும் போகாத சாம்பல் நிறத்தை. பிறகு சொன்னாள்: "சத்தம் கேட்டால் வகுப்பில் எல்லாரும் எழுந்துவிடுவோம். புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். எங்கள் அம்மா இருக்கும் பக்கம் இல்லையென்றால் உட்காருவோம். யாராவது ஒருவர் உட்கார மாட்டார்கள்."

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட செய்தியை நாம் நாளிதழில் படித்தோம், மறந்தோம். அச்சிறுமி சொன்ன வாக்கியத்தை என்னால் மறக்க இயலவில்லை. எழுத்தாளர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பொன்னாடை போர்த்த எவருக்கும் நினைவு வரவில்லை.

வாசகர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ மதரஸாவுக்கோ எழுத்தாளர் ஒருவர் வருவாராயின், அவருக்கு முன்பே அவர் நூல் வந்து சேரட்டும். மேடைப் பேச்சைக் குறையுங்கள். பிள்ளையின் கேள்வி உங்களைத் தலைகுனியச் செய்தாலும் அதைத் தடுக்காதீர்கள்.

பதாகையை மறுநாளே கழற்றிவிட்டனர். அலமாரிச் சாவி இப்போது அந்த ஏழாம் வகுப்பில், பிள்ளைகளின் பொறுப்பில் இருக்கிறது.