நாமக்கல் வடைமாலை

சேலத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியின் நடுவே ஒரே பாறையாய் எழுந்து நிற்கிறது நாமகிரி. அனுமன் கண்டகி நதியிலிருந்து கொணர்ந்த சாளக்கிராமமே இம்மலையாய் வளர்ந்தது என்பது தலபுராணம். குடைவரையில் வீற்றிருக்கும் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பியபடி, 18 அடி உயரத்தில், மேற்கூரையின்றி வெயிலையும் மழையையும் ஏற்று நிற்கிறார் ஆஞ்சநேயர்.

இத்தலத்தின் பெயரைச் சொன்னதும் அடியார்களுக்கு நினைவில் எழுவது வடைமாலை. இது இல்லங்களில் பண்டிகை நாளில் சுடும் மெதுவடை அன்று. தோல் நீக்காத கறுப்பு உளுந்தைச் சிறிது நேரமே ஊறவைத்து, நீரை நன்கு வடித்து, கொரகொரப்பாய்க் கெட்டியாக அரைக்க வேண்டும். மிளகு, சீரகம், உப்பு, இவ்வளவே சேர்க்கை; வெங்காயத்திற்கு இங்கே இடமில்லை. மெல்லியதாய்த் தட்டி, நடுவே துளையிட்டு, ஈரம் முழுதும் வற்றும்வரை நிதானமான தீயில் பொரித்தெடுப்பர். நீர்ப்பசை இல்லாமையால் பல நாள் கெடுவதில்லை. தொலைவூரிலிருந்து வருவோர் பிரசாதத்தை வீடு கொண்டு சேர்ப்பதற்கு இப்பக்குவமே துணை. மிருதுவாக வேண்டுமென்று மாவில் நீரைக் கூட்டினால், மாலை தொடுக்குமுன்பே வடை பிய்ந்துவிடும். மறுநாளே ஊசியும் போகும். மிருதுத்தன்மையை இதில் தேடுவது பொருந்தாது.

உளுந்து ராகுவுக்குரிய தானியம். அதனை அனுமனுக்குச் சாற்றினால் ராகு தோஷம் விலகும் என்பது நம்பிக்கை. நிலத்தின் கணக்கும் இதற்கு இசைவாகவே உள்ளது. வானம் பார்த்த இப்பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைவது உளுந்து. கிழக்கே தெரியும் கொல்லிமலையில் மரங்களைப் பற்றிப் படர்வது மிளகுக்கொடி. அருகிலுள்ள இராசிபுரமோ நெய்க்குப் பெயர் பெற்ற ஊர். குளிர்காலத்தில் இப்பெருமானுக்கு நிகழும் வெண்ணெய்க் காப்பு, கறவை மாடுகள் மிகுந்த இந்நாட்டிற்கு எத்துணைப் பொருத்தமான வழிபாடு!

மார்கழி மாதத்து அனுமன் ஜயந்தியன்று 1,00,008 வடைகளால் தொடுத்த மாலை சாற்றப்பெறுகிறது. பின்னர் அது களையப்பெற்று அடியார்களுக்கே பிரசாதமாகின்றது. கடிக்க இயலாத முதியோர் மனம் வருந்த வேண்டியதில்லை. வடையை நொறுக்கி மோரில் சற்று ஊறவைத்தால் போதும், மிளகு மணம் குறையாமல் இளகிவிடும்.