உற்சவ சாந்தி

கோடைக்கானல் ஏரிக்கரையில் வந்து தங்கும் குடும்பங்கள் அந்த ஏரியை உள்ளபடியே பார்ப்பது ஊருக்குத் திரும்புகிற தினத்தன்றுதான் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். வந்து இறங்கிய அன்று குளிரைப் பற்றிப் பேசவே பொழுது போதுவதில்லை. அதற்குப் பிறகு, பால் வந்ததா, வெந்நீர் காய்ந்ததா, கொடியில் போட்ட துணி உலர்ந்ததா என்ற விசாரங்களிலேயே காலம் கழிந்துவிடுகிறது. ஏரி எங்கே போய்விடப் போகிறது என்ற அலட்சியம் வேறு. கடைசி நாள் விடிந்ததும், அதுவரை யாரும் ஏறிட்டுப் பார்க்காத அந்த ஜலத்தின்மேல் எல்லோருக்கும் ஒரு திடீர்ப் பிரியம் பிறந்துவிடுகிறது. படகுக் கட்டணம் பகற்கொள்ளை என்று வாதாடிக்கொண்டிருந்த சித்தப்பா, "எல்லாரும் கிளம்புங்கடா" என்று தாமே முன்னால் நடக்கிறார். முழங்கால் வலிக்காக இத்தனை நாளும் திண்ணையை விட்டு இறங்காத அத்தை, ஏறக்குறைய மூன்று மைல் சுற்றளவுள்ள கரையை ஒரு தரமாவது பிரதட்சிணம் செய்யாமல் வண்டி ஏறமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள்.

இந்தப் பிரியம் உண்மையானதுதான். ஆனால் அதற்கு ஒதுக்கப்படும் அவகாசம் ஒரு மணி நேரத்திற்கு மேல் இல்லை. ஏனென்றால், பிற்பகல் பஸ்ஸுக்கு முன் வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். கோடை வாசத்துக்கு வாடகைக்கு எடுத்த வீட்டை ஒப்படைப்பது என்பது ஒரு சிறிய நியாயஸ்தலம் கூடுவதற்கு ஒப்பானது. காவற்காரர் மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு காகிதத்தைப் பிரித்து, பித்தளைத் தவலை, இரும்பு வாணலி, முக்காலி, சாம்பிராணித் தட்டு என்று உரக்க வாசிக்க, அத்தை ஒவ்வொன்றாக எடுத்துவந்து தரையில் பரப்பினாள். குழம்புக் கரண்டி ஒன்று குறைந்தது. மூட்டைகளெல்லாம் அவிழ்க்கப்பட்டன. வந்தபோது இடம் மிச்சமிருந்த பெட்டிக்குள் அதே துணிகள் இப்போது அடங்க மறுத்த மர்மத்தை ஆராய ஒருவருக்கும் நேரமில்லை. கடைசியில் அந்தக் கரண்டி, யூகலிப்டஸ் தைலப் புட்டிகள் ஆடாமல் இருப்பதற்காகப் பிளம்ஸ் கூடையில் அத்தையாலேயே செருகி வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. காவற்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலில் அதற்கு நேரே பென்சிலால் ஒரு கோடு மட்டும் இழுத்தார். அந்தக் கோட்டை அத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இந்த அவஸ்தையிலிருந்து தப்பிய புண்ணியவான் ஒருவர் உண்டு. அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையும் மரியாதையும் கலந்த ஓர் உணர்ச்சி ஏற்படுகிறது. மதுரை ஜில்லாவின் கலெக்டராயிருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற துரைதான் அவர். அவருக்கு முன்பே, 1845ஆம் வருஷ வாக்கில், சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் மனிதர்களைப் பறிகொடுத்துச் சலித்த மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் இந்த மலைமேல் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியிருந்தார்கள். ஆனால் அவர்கள் வந்தபோது அங்கே ஏரி இல்லை. ஓடையும் சதுப்பும் புல்லுமாகக் கிடந்த பள்ளத்துக்குக் குறுக்கே கரை போட்டு, 1863இல் இந்த ஏரியை உண்டாக்கியவர் லெவிஞ்ச். அதற்குச் சொந்தப் பணத்தையே செலவிட்டார் என்கிறார்கள். கலெக்டர் உத்தியோகத்தில் இருந்தவர்கள் பிறர் பணத்தில் செய்த காரியங்களுக்கே கல்வெட்டு வைத்துக்கொண்ட காலத்தில் இதுவே ஓர் ஆச்சரியம். அதைவிடப் பெரிய ஆச்சரியம், ஏரி நிரம்பியதும் அதில் மிதப்பதற்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு படகை அவர் வரவழைத்ததுதான்.

இந்தப் படகின் பிரயாணத்தைப் பல இரவுகள் நான் மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கரிசல் காட்டின் வழியே, வைகையைக் கடந்து, அது மலையடிவாரம் வரை மாட்டு வண்டியில் வந்திருக்கலாம். அதற்குமேல்? மோட்டார் ஓடும் மலைச்சாலை தோன்ற இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. துரைமார்களும் துரைசானிகளுமே நாற்காலிகளில் அமர்ந்து, கூலியாட்களின் தோளில்தான் மலையேறினார்கள். ஆகவே அந்தப் படகும் மனிதர் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். உப்புக் காற்றில் பிறந்த ஒரு மரக்கலம், மூங்கில் புதர்களுக்கிடையே, ஏழாயிரம் அடி உயரத்தை நோக்கித் தலைகீழாகக் கவிழ்த்துச் சுமக்கப்பட்டுப் போகும் காட்சியை, வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பான்? மலைமேல் பிரளயம் வரப்போகிறது என்று அந்தத் துரைக்கு யாரோ ஜோசியம் சொல்லியிருக்கிறார்கள் என்றே வீட்டில் போய்ச் சொல்லியிருப்பான். சுமந்தவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. தோள் மாற்றிக்கொள்ள எங்கெங்கே இறக்கி வைத்தார்கள், மேலே போய்ச் சேர்ந்ததும் அந்தப் படகில் அவர்களை ஒரு சுற்றாவது ஏற்றிச் சென்றார்களா என்பதையெல்லாம் சொல்லத் தெரிந்த சரித்திரம் எதுவுமில்லை.

லெவிஞ்ச் துரை 1867இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மற்றத் துரைமார்கள் கப்பலேறிச் சீமைக்குப் போனார்கள். இவரோ கோடைக்கானலிலேயே குடியேறிவிட்டார். அதாவது, விடுமுறையின் கடைசி நாளை அவர் வரவிடவே இல்லை. அவருக்கு யாரும் பட்டியல் வாசிக்கவில்லை, கரண்டி கேட்கவில்லை. கடைசி நாளை வெல்வதற்கு இது ஒரு மார்க்கம் என்றாலும், ஏரி வெட்டும் செல்வமும், பள்ளிக்கூடம் திறக்கும் தேதியைப் பற்றிய கவலையின்மையும் உள்ளவர்களுக்கே அது சாத்தியம்.

நமக்கு வாய்த்தது பஸ்தான். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து இறங்குகையில், ஐந்து மைல் கடந்ததும், வெள்ளி நீர்வீழ்ச்சி வருகிறது. ஏரியில் நிரம்பி வழியும் தண்ணீரே அங்கே 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது என்று சித்தப்பா அறிவித்தார். கோடை மழை கொஞ்சம் பெய்திருந்ததால் அருவி பெயருக்கு இருந்தது. காலையில் படகிலிருந்து கையை விட்டு அளைந்த தண்ணீர்தானா இது என்று குழந்தை கேட்டது. இருக்கலாம் என்றேன். அப்படியானால் அதற்கும் லீவு முடிந்துவிட்டதா என்று அடுத்த கேள்வி. வத்தலக்குண்டு வந்து அனல் முகத்தில் அறையும் வரையில் என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அழகரின் ஞாபகம் வந்தது. நாங்கள் மதுரைக்காரர்கள், அழகர் ஆற்றில் இறங்கிய பிறகே மலையேறுவது எங்கள் குடும்ப வழக்கம். மனிதர்கள் வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஓடுகிற அதே சித்திரையில், அவர் ஒருவர்தாம் குளிர்ந்த மலையைவிட்டு வெயிலுக்கு இறங்கி வருகிறார். வந்தவர் திரும்புகிற விதத்தைக் கவனித்ததுண்டா? ஆற்றில் இறங்கி, வண்டியூர் போய், தசாவதாரக் கோலமெல்லாம் காட்டிவிட்டு, அவர் பஸ் பிடித்து ஓடுவதில்லை. பூப்பல்லக்கில் ஏறுகிறார்; வரும்போது நின்றதுபோலவே போகும்போதும் வழிநெடுக மண்டகப்படிகளில் நின்று நிதானித்துச் செல்கிறார்; கோயில் வாசலில் பூசணிக்காயில் சூடம் ஏற்றித் திருஷ்டி கழிக்கிறார்கள். அதற்குப் பின்னும் ஒருநாள் உண்டு. அலைந்த அலைச்சல் தீரத் திருமஞ்சனம் செய்து, உற்சவ சாந்தி என்ற பெயரில் அந்தத் திருவிழாவையே தணித்து முடிக்கிறார்கள்.

நம் முன்னோர்கள் எதையும் சும்மா அறுந்துபோக விட்டதில்லை. நவராத்திரிக் கொலுவை எடுப்பதற்கு முன் ஒரு பொம்மையையாவது படுக்க வைத்துத் தூங்கச் செய்கிறோம். கல்யாணம் முடிந்து சம்பந்திகள் புறப்படும்போது கட்டுசாதக் கூடை கொடுத்து அனுப்புகிறோம். பள்ளிக்கூடத்தார் கண்டுபிடித்துக் கொடுத்த இந்தக் கோடை விடுமுறைக்குத்தான் முடிவுக்கென்று ஒரு சடங்கு இல்லை. அதனால்தான் அந்தக் கடைசி நாள், ஒரு பாதி ஏரியிலும் ஒரு பாதி பட்டியலிலுமாகக் கிழிந்துபோகிறது.

இந்த ஆராய்ச்சியை அன்றிரவு மொட்டைமாடியில் குடும்பத்தார் முன்னிலையில் விஸ்தாரமாக எடுத்துரைத்து, அடுத்த வருஷம் முதல், மூட்டை கட்டுவதும் கணக்குத் தீர்ப்பதும் முதல் நாளே முடிந்து, கடைசி நாள் முழுவதையும் ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்து சாந்தி செய்வதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்று ஒரு பிரேரணையும் கொண்டுவந்தேன். சித்தப்பா ஆமோதித்தார். விசிறியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்த அத்தை மட்டும், "செய்யலாம்டா, நல்ல யோசனைதான். ஆனா அந்த ஒருநாளுக்கும் வாடகை வாங்கிடுவான். சமையலுக்குப் பாத்திரமும் வெளியிலேயே இருக்கணும். கரண்டியை யார் எண்ணுறது?" என்றாள்.